ஜிம்னியின் முதுகில் பெரிய ஸ்டெப்னி: அளப்பதிலிருந்து மாட்டுவது வரை

நாலு டயரும் மாட்டியாயிற்று. வண்டி கொஞ்சம் நிமிர்ந்து, நான் நினைத்த மாதிரியே நின்றது. கடைசியாகக் கடைப் பையன் ஐந்தாவதை உருட்டிக்கொண்டு வந்து பின்கதவில் மாட்டி, கதவைத் தள்ளினான். மூடுவதற்கு நாலு விரற்கடை இருக்கும்போதே கதவு ‘தொப்’பென்று நின்றுவிட்டது. இடுப்பால் ஒரு இடி இடித்து மூடினான். “போகப் போக செட் ஆயிடும் சார்” என்றான்.

செட் ஆகவில்லை. டயரின் அடிப்பக்கம் பம்பரின் மேல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு குழியிலும் அதைத் தேய்த்தது. அதைச் சரிசெய்யப் போய் வேறொன்று கெட்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது. டயர் கடைக்குப் போவதற்கு முன்பே ஐந்தாவது டயரை எங்கே வைப்பது என்று யோசித்திருந்தால் இரண்டு செலவும் மிச்சம். இனி வரும் வரிசை அதற்காகத்தான்.

கணக்கு முழுவதும் 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியை வைத்து. பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் எந்தச் சின்ன ஜீப்புக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும். ஸ்டெப்னி என்ற பெயருக்கும் ஒரு ஊர்க்கதை உண்டு. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உருவானது அந்த உதிரிச் சக்கரம். அந்த ஊர்க்காரர்களிடம் இன்று ஸ்டெப்னி என்றால் எத்தனை பேருக்குப் புரியுமோ, நம் ஊர் பஞ்சர் கடையில் வேறு சொல்லே கிடையாது.

1. முதலில் காகிதத்தில் அளவு

கம்பெனி டயர் 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 156. மேலும் கீழும் சேர்த்து 312. ரிம்மின் 15 இன்ச் என்பது 381 மி.மீ. மொத்த விட்டம் 693.

எல்லோரும் ஆசைப்படும் 235/75 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 733 வரும். விட்டத்தில் 40 மி.மீ. கூடுகிறது. நடுவில் இருக்கும் 215/75 ஆர்15-க்கு 703. வெறும் 10 மி.மீ.தான் வித்தியாசம்.

இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தார்ச்சாலையில் வேலைக்குப் போய்வந்து, மாதம் ஒருமுறை மண்பாதையில் ஏறுபவராக இருந்தால் 215/75 போட்டுக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். கம்பெனி ரிம்மிலேயே உட்காரும், ஆரத்தில் 5 மி.மீ. மட்டுமே கூடுவதால் கதவில் மாற்றம் எதுவும் வேண்டியிருக்காது. பழைய ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொண்டாலும் பெரிய தொந்தரவில்லை. கீழே வரும் பாடு எல்லாம் 235-க்காரர்களுக்கு.

235-க்குக் கம்பெனியின் 5.5 இன்ச் அகல ரிம் குறுகல். ஆறு இன்ச்சுக்குக் குறையாத ரிம் வேண்டும். பெரும்பாலும் ஏழு இன்ச் போடுவார்கள். அதனால் ஸ்டெப்னிக்கும் ஒரு ரிம் வாங்க வேண்டும், ஐந்து ரிம்மாக விலை பேசுங்கள். போல்ட் வட்டம் ஐந்து போல்ட்டுக்கு 139.7 மி.மீ.

2. தராசில் ஏற்றுங்கள்

டயரோடு சேர்ந்த சக்கரத்தை எடை போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பழைய பேப்பர் கடைத் தராசு போதும். என் பழைய ஸ்டெப்னி சுமார் 18 கிலோ. புதியது, கனமான ஏ.டி. வகை (தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான) டயரும் ஏழு இன்ச் இரும்பு ரிம்மும் சேர்ந்து, 26 கிலோ.

எட்டுக் கிலோதானே, ஒரு சின்ன அரிசிப் பை என்று தோன்றும். பை எங்கே தொங்குகிறது என்பதில்தான் விஷயம். கீலிலிருந்து சக்கரத்தின் மையம் 50 செ.மீ. தள்ளியிருக்கிறது, இரண்டு கீல்களுக்கும் இடைவெளி 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கதவு திறந்திருக்கும்போது மேல் கீலை வெளியே இழுக்கும் விசை பழைய சக்கரத்துக்கு 22.5 கிலோ, புதியதற்கு 32.5 கிலோ. கதவின் சொந்த எடை தனி.

கீலாவது தடித்த இரும்பு. பாவம், கதவுத் தகடு. கம்பெனி தாங்கியில் பழைய சக்கரத்தின் எடைமையம் தகட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இருந்தது. கம்பெனி ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம்) 5 மி.மீ.; ஆஃப்செட் பூஜ்யம் உள்ள புது ரிம் மாட்டினால் எடைமையம் அந்த 5 மி.மீ. வெளியே போகிறது. பம்பரில் இடிக்காமலிருக்க 50 மி.மீ. வெளியே தள்ளும் பிராக்கெட்டும் போட்டால் தூரம் 15.5 செ.மீ. ஆகிவிடும். பத்தை 18 ஆல் பெருக்கினால் 180. பதினைந்தரையை 26 ஆல் பெருக்கினால் 403. எடை ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது, தகட்டை வளைக்கும் விசையோ ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு. குழியில் இறங்கி ஏறும்போது இது இன்னும் சில மடங்காகும்.

இந்த ஒரு பெருக்கலை அன்றைக்கே போட்டிருந்தால் பட்டறைக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்க மாட்டேன்.

3. ஐந்தாவதும் அதே அளவில்தான் வேண்டுமா?

பழைய 195-ஐயே ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில், நீங்கள் எங்கே பஞ்சர் ஆகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சின்ன சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 459 முறை சுற்றினால் பெரியது 434 முறைதான் சுற்றும். 25 சுற்று வித்தியாசம். பின் அச்சில் ஒரு பக்கம் சின்னது, மறுபக்கம் பெரியது என்றால் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) ஓயாமல் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கர வேகம் ஒத்துவராததால் எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

இதற்கு ஒரு வழி உண்டு. பின்சக்கரம் பஞ்சரானால், முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டிவிட்டுச் சின்னதை முன்னால் போடுங்கள். டூ-வீல் டிரைவில் ஜிம்னியின் முன் ஹப் (சக்கரத்தை அச்சோடு கோக்கும் பகுதி) பிடிப்பு விட்டுவிடும், அதனால் முன் டிஃபரன்ஷியலுக்கு வேலை இல்லை. வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். 60-ஐத் தாண்டாமல் பஞ்சர் கடை வரை போய்விடலாம்.

ஃபோர்-வீல் போட்டீர்களானால் கதை வேறு. ஜிம்னியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன் அச்சும் பின் அச்சும் பல்லோடு பல் கோத்துக்கொள்ளும். முன்னால் ஒரு சின்னச் சக்கரம் இருந்தால் முன் அச்சின் சராசரி வேகம் பின் அச்சோடு மூன்று சதவீதம் ஒத்துப்போகாது. சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த முறுக்கைக் கழித்துவிடும். காய்ந்த பாறையில் கழியாது. அதனால் துணைக்கு வண்டி இல்லாமல் காட்டுப்பாதையில் போகிறவருக்கு ஐந்தும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். கூட்டமாகப் போகிறவர், நெடுஞ்சாலையை விட்டு இறங்காதவர் சின்னதை வைத்துக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

4. அட்டையும் கோலமாவும்

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இருந்தால் எடுங்கள். ஒரு ஆணி, நூல், பென்சில். நூலை 367 மி.மீ. நீளத்துக்குக் கட்டி அட்டையில் வட்டம் போட்டு வெட்டுங்கள். பழைய ஸ்டெப்னியைக் கழற்றி, அந்த வட்டத்தின் மையம் தாங்கியின் மையத்தில் வருமாறு செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். இப்போது நாலு இடங்களைப் பாருங்கள்: கீழே பம்பர், பக்கத்தில் கதவுக் கைப்பிடி, மேலே கண்ணாடியின் விளிம்பும் வைப்பரும், அப்புறம் நம்பர் பிளேட்டும் அதன் விளக்கும்.

அட்டைக்குத் தடிமன் இல்லை. அதனால் ஆழத்தைக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். டயர் அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால், தாங்கியின் முகத்திலிருந்து டயர் எவ்வளவு கதவுப் பக்கம் வரும் என்று தெரியும். கம்பெனி சக்கரத்துக்கு 98-உம் 5-உம் 103. புதிய 235-ஐ ஆஃப்செட் பூஜ்யம் ரிம்மில் போட்டால் 117, 14 மி.மீ. கதவை நெருங்கும். அதே டயரை ஆஃப்செட் 10 ரிம்மில் போட்டால் 127, 24 மி.மீ. நெருங்கும். ரிம் வாங்கும்போது சாலைச் சக்கரத்துக்கு மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள்.

சக்கரம் கைக்கு வந்தபின் கடைசிச் சோதனை கோலமாவில். டயரின் அடிப்பக்கத்தில் ஈரத்துணியால் துடைத்து, கோலமாவை நன்றாகப் பூசிவிட்டுக் கதவை மெதுவாக மூடித் திறங்கள். பம்பரில் வெள்ளை விழுந்தால் அங்கே தொடுகிறது. விழாவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்; கதவை மூடிய நிலையில் டயருக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஓட்டத்தில் கதவு அசையும், சக்கரமும் அசையும்.

5. எதில் மாட்டுவது

இடைவெளி போதவில்லை என்றால் எல்லோரும் முதலில் போடுவது சக்கரத்தை மேலேயும் வெளியேயும் தள்ளும் பிராக்கெட். மலிவு, அரை மணி நேர வேலை, வெல்டிங் வேண்டாம். மேலே தூக்குவதில் தவறில்லை, கண்ணாடியில் பார்வை கொஞ்சம் மறையும். வெளியே தள்ளுவதுதான் ஆபத்து, மேலே போட்ட பெருக்கல் நினைவிருக்கட்டும். எத்தனை மில்லிமீட்டர் குறைவாகத் தள்ளினால் தொடாமல் நிற்குமோ அத்தனை மட்டுமே தள்ளுங்கள். ஐந்து மி.மீ. வாஷர்த் தகடு போதுமென்றால் 50 மி.மீ. பிராக்கெட் எதற்கு?

பிராக்கெட் போட்டால் கதவுக்கு உள்ளே முட்டுக்கொடுக்கும் தகடும் போடுங்கள். இதில்தான் நான் அடிபட்டேன். பம்பரில் தேய்ந்ததும் ஒரு பட்டறைக்குப் போனேன். அவர் ஆங்கிள் துண்டு ஒன்றை நேராகக் கதவின் வெளித்தகட்டில் வைத்துப் பற்றவைத்துவிட்டார். பார்க்க ரொம்ப உறுதியாகத் தெரிந்தது. நாலு மாதம் கழித்து வால்பாறையிலிருந்து மழையில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னாலிருந்து ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெல்டிங் முடியும் இடத்திலிருந்து ஒரு தலைமுடி அளவு கோடு பெயின்ட்டில் கிளம்பி, அதன் ஓரம் பழுப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் கோடு திறந்து மூடியது. மெல்லிய தகட்டில் வெல்டிங் சூடு பட்ட விளிம்புதான் பலவீனமான இடம், அசைவு முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். டிங்கரிங் செலவு பிராக்கெட் விலையைப் போல நாலு மடங்கு.

சரியான முறை, வெல்டிங்கே இல்லாமல் போல்ட். கதவின் உள் அலங்கார அட்டையைக் கழற்றிவிட்டு, தாங்கியின் போல்ட்டுகள் வரும் இடத்தில் 3 மி.மீ. இரும்புத் தகட்டை உள்ளே வைத்து, தகடு–கதவு–தாங்கி மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தகடு பெரிதாக இருக்க வேண்டும். உள்ளங்கை அளவு போதாது, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவாவது வேண்டும். மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர்மையான மூலை இன்னொரு விரிசலுக்கு விதை. துளை போட்ட இடத்திலெல்லாம் பிரைமர் அடித்து, தகட்டுக்கும் கதவுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் அல்லது சீலன்ட். நட் நைலாக் வகை (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்).

அடுத்தது, கீலிலிருந்தே கிளம்பும் சட்டம். இரண்டு கீல்களையும் இணைத்து வெளியே ஒரு இரும்புச் சட்டம் போகும், சக்கரம் அதில் தொங்கும், கதவுத் தகட்டுக்குப் பாரம் பெரிதாகப் போகாது. 235-க்கு எனக்குப் பிடித்தது இதுதான், இப்போது என் வண்டியில் இருப்பதும் இதுதான். வாங்கும்போது கீல் போல்ட் நீளமும் கனமும் கூடியவை சேர்த்துத் தருகிறார்களா என்று பாருங்கள்.

பம்பரில் தனியாகச் சுழலும் கை இன்னொரு வழி. கதவுக்குச் சுமையே இல்லை. ஆனால் முழு இரும்பு பம்பர் வேண்டும், அதன் எடை பின் ஸ்பிரிங்கை அழுத்தும், கதவைத் திறக்க ஒவ்வொரு முறையும் முதலில் கையைத் திறக்க வேண்டும். காய்கறி வாங்கப் போகும் வண்டிக்கு இது அலுத்துவிடும். 31 இன்ச் டயர், ஜெர்ரி கேன் என்று பெரிதாகப் போகிறவர்களுக்குத்தான் பொருத்தம்.

வண்டிக்கு உள்ளே வைக்கலாமா? ஐந்து கதவு ஜிம்னியின் பின்னிடம் 208 லிட்டர். சக்கரத்தை வைத்தால் வேறெதுவும் வைக்க முடியாது. பின் சீட்டை மடக்கினால் 332 லிட்டர், அப்போது ஆள் போக முடியாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் ராட்செட் பட்டையால் தரையோடு கட்டுங்கள்; பிரேக் பிடித்தால் 26 கிலோ உங்கள் பிடரிக்குத்தான் வரும். கூரை வேண்டாம். வண்டி குறுகல், உயரம், அதன் உச்சியில் இவ்வளவு எடை ஏற்றினால் சரிவுப்பாதையில் குப்புறத் தள்ளும். நடுக்காட்டில் அதைத் தனியாளாக இறக்கிப் பாருங்கள், புரியும்.

6. மாட்டும் நாள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, கை பிரேக் இழுத்துவிடுங்கள். சக்கரம் இல்லாத நிலையில் கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். கதவிலும் பாடியிலுமாகச் சேர்ந்து மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் ஒரு நேர்கோடு இழுத்து, டேப்பை இடைவெளியில் பிளேடால் கீறிவிடுங்கள். சக்கரம் ஏறியபின் கோடு எவ்வளவு இறங்குகிறது என்று அதுவே காட்டும். ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் பரவாயில்லை. இரண்டு மூன்று என்றால் கீலைப் பாருங்கள். லாக்கை மட்டும் இறக்கிவைத்து மறைக்காதீர்கள். பட்டறைகளில் அதைத்தான் செய்வார்கள்.

கதவைப் பாதி திறந்து, கீழ் மூலையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ‘டக்’கென்று ஆட்டம் தெரிந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. புதுச் சுமை ஏற்றும் முன் அதை மாற்றிவிட வேண்டும்.

தாங்கியின் போல்ட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எல்லா நட்டிலும் பெயின்ட் மார்க்கரால் நட்டிலிருந்து தகடுவரை ஒரு கோடு. பின்னாளில் நட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மூடிய கதவில் சக்கரத்தைப் பிடித்து உலுக்கினால் வண்டி முழுதும் ஆட வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் தாங்கிக்கும் டயருக்கும் நடுவே ஒரு ரப்பர் பஃபர் வைத்து முட்டுக்கொடுங்கள்.

7. விளக்கு, நம்பர் பிளேட், காகிதம்

ஸ்டெப்னி உயர்ந்ததும் இருட்டில் இன்னொருவரைப் பத்தடி பின்னால் நிற்க வைத்து பிரேக் மிதியுங்கள். மூன்றாவது பிரேக் விளக்கு அவருக்குத் தெரிய வேண்டும். நம்பர் பிளேட் முழுதும் தெரிய வேண்டும், அதன் விளக்கும் எரிய வேண்டும். ரிவர்ஸ் கேமராவில் டயர் விளிம்பு எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். வண்டியின் நீளம் இப்போது சில விரற்கடை கூடியிருக்கிறது. சுவரை ஒட்டி நிறுத்திப் பழகியவர்கள் முதல் வாரம் கவனமாக இருங்கள்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தபடி இல்லாமல் போகும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. டயர் அளவை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்தபின் அளவு நாடாவோடு வரும் சர்வேயரிடம் “எல்லாரும் போடறாங்க” என்று சொல்லிப் பயனில்லை. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்: முள் 100 காட்டும்போது நீங்கள் 105, 106-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

8. ஓட ஆரம்பித்தபின்

முதல் 50 கிலோமீட்டரில் எல்லா நட்டையும் பாருங்கள், பிறகு 500-இல். அதன்பின் ஒவ்வொரு மண்பாதைப் பயணத்துக்கும் அடுத்த நாள். கொத்துக் கொத்தாக அலை அலையான மண்சாலைதான் பெரிய பாறையைவிடக் கதவுக்குக் கெடுதல். மழைக்குப் பிறகு ஸ்டெப்னியின் உறையைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள் அட்டையைத் திறந்து துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஸ்டெப்னி சும்மா தொங்கிக்கொண்டே கிழமாகும். பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1424 என்றால் 2024-இன் 14-ஆவது வாரம். ஐந்து டயரையும் சுழற்சியில் சேர்த்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். ஸ்டெப்னியில் காற்றை மூன்று நாலு பவுண்டு கூடுதலாகவே வையுங்கள், குறைப்பது எளிது.

9. வீட்டு வாசலில் ஒரு ஒத்திகை

காட்டுக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் உள்ள சாமான்களை மட்டும் வைத்து ஒரு சக்கரத்தை மாற்றிப் பாருங்கள். ஜாக்கி உயரம் போதாது என்று அன்றைக்குத்தான் தெரியும். அடியில் வைக்க ஒரு அடி நீளத் தேக்குப் பலகை சேர்த்துக்கொள்ளுங்கள். கதவின் கீல் வலப்புறம். மூக்கு கீழே பார்த்த சரிவில் நிறுத்தினால் கனமான கதவு தானே வந்து உங்கள் மீது மூடும். அதைப் பின்னுக்குக் கட்ட ஒரு கயிறு.

26 கிலோவைக் கையால் தூக்கி ஸ்டட்டில் கோக்கப் பார்க்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் டயருக்கு அடியில் கொடுத்து, காலால் நெம்பி ஏற்றுங்கள். கதவில் திரும்ப மாட்டும்போது முழங்காலில் ஒரு நிறுத்தம், தொடையில் ஒரு நிறுத்தம், அப்புறம் மேலே. பஞ்சரான சக்கரமும் அதே எடைதான், சேறு வேறு சேர்ந்திருக்கும்.

புது ரிம்முக்கும் பழைய ரிம்முக்கும் நட்டின் கூம்பு வேறாக இருந்தால் இரண்டு செட் நட்டும் வண்டியில் இருக்க வேண்டும். ஸ்டெப்னிக்குத் திருட்டுப்பூட்டு நட் போட்டிருந்தால் அதன் சாவியை வீல் ஸ்பேனரோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுங்கள். என்னுடையது மூன்று மாதம் பூஜை அறை டிராயரில் இருந்தது.